மூக்கைச் சுளிக்காத சம்பந்தி

பாப்பா,

உன் கல்யாணத்துக்கு வாசலில் பந்தல் போட்ட குழிகள் இன்னும் தூரவில்லை, அதற்குள் உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன். போனில் பேசினால் ஆகாதா என்று கேட்பாய். ஆகாது. போனை எடுத்ததும் "அப்பா, மாத்திரை போட்டீங்களா" என்பாய், எனக்குக் கோபம் வரும், உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். கடிதம் என்றால் உன்னால் குறுக்கே பேச முடியாது பார். அஸ்தினாபுரம் கடையில் காலை வியாபாரம் அடங்கிவிட்டது. பைப்பும் ஆணியும் கேட்டு வருகிறவர்களைப் பையன்கள் பார்த்துக்கொள்கிறார்கள். நான் கல்லாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து போகப் போகச் சிறுத்துக்கொண்டே வரும், கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். இந்த நோயின் குணங்களில் அதுவும் ஒன்று என்று நீதானே சொன்னாய், பொறுத்துக்கொண்டு படி.

விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மனியில் மூளை நோய்களை ஆராயும் ஒரு கூடத்தில் உனக்கு இடம் கிடைத்திருக்கிறது. மாப்பிள்ளை வேலுவும் சிறுசேரி ஆபீசில் பேசி, கூடவே வர ஏற்பாடு செய்துவிட்டார். எல்லாம் கூடி வந்திருக்கிற நேரத்தில் நேற்று நீ உன் அம்மாவிடம், "அப்பாவை இப்படி விட்டுட்டு எப்படிம்மா போறது, வேணாம்னு எழுதிடப் போறேன்" என்றாயாம். திங்கட்கிழமைக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். அம்மா இதை என்னிடம் சொல்லும்போது அவளுக்குப் பாதி அழுகை, பாதி சந்தோஷம். மகள் பக்கத்திலேயே இருந்துவிடுவாள் என்ற சந்தோஷம். அவளைக் குற்றம் சொல்லாதே. ஆனால் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிற உன்னை நான் சும்மா விடுவதாக இல்லை.

நீ இந்தப் படிப்பை எடுத்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். டாக்டருக்குப் படி என்றால் நோயாளியே இல்லாத டாக்டர் வேலைக்குப் போகிறாயே என்று கேலி செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகூடக் கிளம்பிப் போவாய். எங்கே என்றால், "செல்லுக்குத் தீனி மாத்தணும்பா, இல்லன்னா செத்துடும்" என்பாய். உன் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். எனக்கு மட்டும் அது புதிதில்லை. கீழ்க்கட்டளையில் நம் நிலமெல்லாம் பிளாட்டாகிற வரைக்கும் மாடு வைத்திருந்தவன் நான். மாடு வைத்திருப்பவனுக்கு ஞாயிறும் கிடையாது, பொங்கலும் கிடையாது. கண்ணாடித் தட்டில் கண்ணுக்குத் தெரியாத மாடு வளர்க்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் நம் வண்டியில் பள்ளிக்கரணைப் பக்கம் போகும்போது நீ அந்தக் குப்பைமேட்டைக் காட்டி எனக்குப் பாடம் எடுத்தாய். மூளையின் அடியில் கருப்பாக ஒரு சின்ன இடம் இருக்கிறது, அங்கே இருக்கிற செல்கள்தான் கை கால் சீராக அசைவதற்கான சரக்கைச் சுரக்கின்றன, நடுக்குவாதம் வந்தவர்களுக்கு அந்தச் செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன, செத்த இடத்தில் பார்த்தால் வெளியேறாத புரதக் கழிவு இப்படித்தான் மேடு தட்டியிருக்கிறது என்றாய். குப்பையை அள்ளாமல் விட்டால் ஊர் நாறத்தானே செய்யும், இதிலென்ன ஆராய்ச்சி என்று கேட்டேன். "குப்பையால ஊர் கெட்டுச்சா, ஊர் கெட்டதால குப்பை சேர்ந்துச்சான்னு இன்னும் யாருக்கும் தெரியாதுப்பா. அதைத்தான் பார்க்கிறேன்" என்றாய். அன்றைக்குத்தான் முதன்முதலாக உன் வேலைமேல் எனக்கு மரியாதை வந்தது. என் தலைக்குள்ளேயே அந்தக் குப்பை சேர்ந்துகொண்டிருந்தது நம் இரண்டு பேருக்கும் அப்போது தெரியாது.

அதைக் கண்டுபிடித்த நாள் உனக்கு மறந்திருக்காது, ஆனால் என் பக்கத்துக் கதையை நீ கேட்டதில்லை. வேலுவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நீ சொன்னதும் வீட்டில் பேஜாராகிப்போனது. நாம் ஏர் பிடித்த வம்சம், அவர்கள் கோவளத்துக்குப் பக்கத்தில் கடலை நம்பி இருக்கிற குடும்பம். என் தம்பி, உன் சித்தப்பா, ஒரு வாரம் என் முகத்தையே பார்க்கவில்லை. கடைசியில் போய்ப் பார்த்துவிட்டாவது வருவோம் என்று வண்டியில் கிளம்பினோம். பெண் வரக்கூடாது என்று சித்தப்பா சொன்னான். நீ கேட்டால்தானே, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாய்.

அவர்கள் வீட்டு வாசலில் பாய் விரித்துக் கருவாடு காயப்போட்டிருந்தார்கள். வண்டிக் கதவைத் திறந்ததும் சித்தப்பா கைக்குட்டையை மூக்கில் வைத்தவன் எடுக்கவில்லை. உன் அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல் மூக்கை மூடிக்கொண்டாள். நான் மட்டும் ராஜா மாதிரி நடந்துபோய் அவர்கள் போட்ட நாற்காலியில் அந்தப் பாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். நெத்திலி வறுவல் கொண்டுவந்து வைத்தார்கள், வைத்ததையெல்லாம் சாப்பிட்டேன். வேலுவின் அப்பா கடலுக்குப் போகிறவர், அதிகம் பேசாத மனிதர். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "சார், வெளியூர்லேர்ந்து எத்தினியோ பேரு இங்க வந்துகீறாங்க. மூக்க சுளிக்காத மொத ஆளு நீதான். நீதான் எனக்கு சம்மந்தி" என்றார். அங்கேயே பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்தேன், மனுஷன் என்றால் எப்படி இருக்க வேண்டும் பார் என்கிற பார்வை.

நீ மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது, "அப்பா, அங்க என்ன வாசனை வந்துச்சு" என்று கேட்டாய். கடல் வாசனை என்று சொன்னேன். எனக்கு எந்த வாசனையும் வரவில்லை பாப்பா. கடையில் டர்பென்டைன் டின் கவிழ்ந்ததே தெரியாமல் நான் அதன்மேல் நின்றுகொண்டிருந்தது நடந்து அப்போதே பல மாதம் ஆகியிருந்தது. ஜலதோஷம் என்று நினைத்து ஆவி பிடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் என் கண்ணை மூடச் சொல்லி மூக்கடியில் ஏதேதோ நீட்டினாய். காபித்தூள் எது, சோப்பு எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டுங்கள் என்றாய். இடது கை தட்டியது, வலது கை போகப் போகச் சோம்பிப்போய் நின்றது. சும்மா மடியில் வைத்திருந்தால் அந்த விரல்கள் தானாக உருள்வதை நான் துண்டுக்குள் மறைத்துவைத்திருந்தேன். கடைக்கு வருகிற பெயின்டர்கூட "இன்னா சார், ஜபம் பண்ணிகினு கீற" என்று கேட்டிருக்கிறான். நீ எழுந்து சமையலறைக்குள் போனாய். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நீ அழுதது எனக்குக் கேட்டது. மூக்குத்தான் போயிற்று, காது நன்றாகவே இருக்கிறது.

பெரிய டாக்டரும் நடுக்குவாதம் என்றே சொன்னார். ஊரெல்லாம் என் பெருந்தன்மை என்று மெச்சிய ஒன்று நோயின் முதல் அறிகுறியாகப் போய்விட்டது. சொன்னால் சிரிப்புத்தான், ஆனால் அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. நம் பக்கத்தில் பெண்ணின் அப்பாவுக்கு ஒரு சீக்கு என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் முதலில் கேட்பது பெண்ணுக்கும் அது வருமா என்பதைத்தான். நல்ல நல்ல சம்பந்தங்கள் அந்த ஒரு கேள்வியில் கலைந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் நானும் சித்தப்பாவும் கூடிப் பேசி ஒரு யோசனை செய்தோம். கல்யாணம் முடிகிறவரைக்கும் வாயைத் திறப்பதில்லை. தட்டு மாற்றுவதுதான் சிக்கல், இரண்டு சம்பந்திகளும் எல்லாருக்கும் நடுவில் எதிரெதிரே நின்று தட்டைக் கையில் பிடித்திருக்க வேண்டுமே. எனக்கு முதுகுவலி என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா தட்டு மாற்றுவது என்று முடிவு செய்தோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தோம்.

உனக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "எங்க அப்பா தட்டு மாத்தலன்னா எனக்கு நிச்சயமே வேணாம். வேலுகிட்ட நான் எப்பவோ சொல்லிட்டேன். அவங்க வீட்லயும் நீங்களே சொல்லிடுங்கப்பா" என்றாய். சொல்ல மாட்டேன் என்று கத்தினேன். நீ விடவில்லை. "சரி, தட்டையாவது தூக்குங்க. இந்த நடுக்கம் கை சும்மா இருக்கும்போதுதான் வரும். ஒரு பொருளைத் தூக்கினா நின்னுடும், பாருங்க" என்று ஒரு தாம்பாளத்தில் தேங்காயை வைத்துக் கொடுத்தாய். தூக்கினேன். நீ சொன்னது போலவே கை கல்லாட்டம் நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தில் வீடு முழுக்க அந்தத் தாம்பாளத்தோடு ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

நிச்சயத்தன்று நம் மொட்டைமாடியில் ஷாமியானா போட்டு இரண்டு பக்கத்து ஜனமும் நிறைந்திருந்தது. நான் தட்டைத் தூக்கினேன், கை நின்றது. எதிரே உன் மாமனார் தம் தட்டோடு நின்றார். ஐயர் பத்திரிகையை வாசிக்க ஆரம்பித்தார், அங்கேதான் வந்தது வினை. நம் பக்கத்துத் தாத்தா, பாட்டன், பூட்டன், அவர்கள் பக்கத்துத் தாத்தா, பாட்டன், பூட்டன் என்று ஒரு பெயரையும் விடாமல் இழுத்து இழுத்து வாசித்தார். தட்டைப் பிடித்தபடியே நின்றால் கொஞ்ச நேரத்தில் நடுக்கம் மறுபடியும் திரும்பி வரும் என்பதை ஆராய்ச்சிக்காரி எனக்குச் சொல்லவில்லையே! முதலில் தேங்காய் இரண்டும் மெதுவாக மோதிக்கொண்டன. பிறகு தட்டே ஆட ஆரம்பித்தது. எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு கீழே விழுந்து அவர் காலடியில் போய் நின்றது. பெண்கள் பக்கத்தில் யாரோ "அபசகுனம்" என்று முணுமுணுத்தார்கள். ஐயர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

சித்தப்பா ஓடிவந்து, "ஒண்ணுமில்ல, காலைலேர்ந்து அண்ணன் சாப்பிடல, பிரஷர்" என்று தட்டை வாங்கப் பார்த்தான். அதற்குள் உன் மாமனார் தம் தட்டின் விளிம்பை என் தட்டுக்கு அடியில் கொடுத்து அழுத்திக்கொண்டார், இரண்டு படகைச் சேர்த்துக் கட்டியது போல. என் தட்டு நின்றது. "இன்னா சம்மந்தி, அலை ஜாஸ்தியா கீதா?" என்று எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குள்ளே கட்டிவைத்திருந்ததெல்லாம் அவிழ்ந்துவிட்டது. பிரஷர் இல்லை, நடுக்குவாதம், மூளையில் இருக்கிற நோய், குணமாகாது, மறைத்தது தப்பு என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டேன்.

நான் பயந்த கேள்வியை உன் மாமியார் கேட்டார்கள். அவர்கள் இடத்தில் நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். "இது பரம்பரையா வர சீக்கா? பொண்ணுக்கு, நாளைக்கிப் பொறக்கற புள்ளைக்கி வருமா?" நான் உன்னைப் பார்த்தேன். வராது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு தாயே என்று மனசுக்குள் கெஞ்சினேன். நீ பட்டுப்புடவையும் பூவுமாக நின்றுகொண்டு பரீட்சையில் பதில் சொல்வது போலச் சொன்னாய்: "பெரும்பாலும் வராது அத்தை. ரொம்பக் கொஞ்சம் குடும்பங்கள்லதான் அப்படி வருது, எங்க குடும்பத்துல வேற யாருக்கும் இல்ல. ஆனா வரவே வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது." எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு பொய், ஒரே ஒரு பொய் சொல்லக்கூடாதா இந்தப் பெண்!

உன் மாமனார் தட்டை விடாமலே மனைவியின் பக்கம் திரும்பினார். "ஏம்மே, கண்ணாலம் கட்ன நாள்லேர்ந்து கடலுக்குப் போய்கினு கீறேன். ஒரு நாளாவது திரும்பி வரேன்னு உனுக்கு சத்தியம் பண்ணிக் குடுத்துட்டா போனேன்? நீ சோறு வடிச்சி வெச்சிகினுதான இருந்த? இந்தப் பொண்ணு நம்மகிட்ட பொய் சொல்லல பாத்தியா, அது போதும். ஐயரே, மிச்சத்தப் படி" என்றார். உன் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து என் தட்டிலேயே வைத்தார்கள். தட்டு மாற்றினோம். எனக்குத் தலை சுற்றியது, ஆனால் மனசு அப்படி லேசாக இருந்தது.

பந்தியில் உன் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தேன். மிச்சம் இருந்த ஒன்றையும் இறக்கி வைத்துவிடலாம் என்று, "சம்பந்தி, உங்க வீட்ல நான் மூக்கைச் சுளிக்கலன்னு பெருமையா சொன்னீங்களே, அது என் நல்ல குணம் இல்ல. இந்த நோய்ல எனக்கு வாசனையே போயிடுச்சு" என்றேன். அவர் கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்காமல் சிரிக்க ஆரம்பித்தார். "மூக்குதான் இல்ல, கண்ணுமா இல்ல? பாயி முழுக்க ஈ மொய்ச்சிகினு இருந்திச்சி. அத பாத்துகினேதான தட்ட வழிச்சி துன்ன?" என்றார். இலைக்கு இலை சிரிப்பு பரவி, சித்தப்பாகூடச் சிரித்துவிட்டான்.

இதையெல்லாம் உனக்கு எதற்குச் சொல்கிறேன்? நீயும் அங்கேதானே இருந்தாய். காரணம் இருக்கிறது. என் நடுக்கத்தை யாரும் பார்த்துவிடக்கூடாது என்று நான் எல்லாருடைய இடத்தையும் மாற்றி மாற்றி வைத்தேன், தம்பியைத் தட்டுத் தூக்கச் சொன்னேன். அது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று எனக்கு நீதான் புரியவைத்தாய். இப்போது அதே நடுக்கத்துக்காக நீ உன் வாழ்க்கையை எடுத்து வேறிடத்தில் வைக்கப் பார்க்கிறாய். அப்பனுக்கு ஒரு நியாயம், மகளுக்கு ஒரு நியாயமா?

கல்யாணத்துக்கு முன்னால் உன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்து, கையின் உள்பக்கத்தில் மிளகு அளவுக்குத் தோல் கொடுத்தேனே, அன்றைக்கு நீ என்னிடம் உண்மையை மறைக்கவில்லை. "அப்பா, இது உங்களுக்கு உதவாது. உங்க காலத்துல மருந்து வரும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாய். சொந்த அப்பாவின் செல்லை மகள் தொடக்கூடாது என்று உன் சார் அதற்கு ஒரு எண் போட்டு வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டார். சில வாரம் கழித்து அந்தப் பெண் மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். நீளநீளமாக, மீன்குஞ்சுக் கூட்டம் ஒரே பக்கம் திரும்பினது போல இருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நடுக்கம் இல்லை அதில். நான் கடையில் உட்கார்ந்து கதை பேசுகிற நேரத்திலெல்லாம் என் உடம்பில் ஒரு துளி அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது என்று நினைத்தால், சிரிக்காதே, எனக்கு அப்படி ஒரு நிறைவு. எந்தப் பலனும் இல்லை என்று தெரிந்தே நான் கொடுத்த தோல் அது. நீ போகாமல் இங்கே நின்றுவிட்டால் நான் யாருக்காகக் கொடுத்தேன் சொல்.

பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், அது நம் வீட்டில் இனி செல்லாது. காலையில் கட்டிலை விட்டு எழும்போது உடம்பு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ ஒரு குழந்தையோடு வரும்போது அதைத் தூக்க இந்தக் கைக்குத் தெம்பு இருக்குமோ இருக்காதோ என்று நினைத்து ஒருநாள் கடையிலேயே கண் கலங்கிவிட்டேன். ஆனால் மாத்திரை எடுத்துக் கொடுக்க உன் அம்மா இருக்கிறாள். நடக்கக் கூட்டிப்போக உன் மாமனார் வாரத்துக்கொரு முறை வந்துவிடுகிறார், கடற்கரை மணலில் நடந்தால் கால் தடுமாறாது என்று அவருக்கு ஒரு வைத்தியம். அவர் பேசுகிற பேச்சுக்கே பாதி நோய் போய்விடும். நீ அங்கே போய் வேலுவோடு சண்டை போடு, சமாதானமாகு, எதையும் மறைக்காதே. சரியாகச் சாப்பிடு. ஆராய்ச்சியில் பாதி உண்மையைச் சொல்லிவிட்டு மீதியை மறந்துவிடாதே, ஒரு தாம்பாளத்தால் நான் பட்டது போதும்.

இன்னும் ஒன்றே ஒன்று, இதை எழுதத்தான் இத்தனை தாளும். ஒரு வருஷமாக நீ வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் என் வலது கையைப் பார்க்கிறாய். அன்றைக்கு அது எப்படி இருக்கிறது என்று பார்த்து, மனசுக்குள் எதையோ குறித்துக்கொண்டு, அப்புறம்தான் நிமிர்ந்து அப்பா என்கிறாய். நீ செய்வது உனக்கே தெரியாது. எனக்குத் தெரியும், நீ வருகிற சத்தம் கேட்டதும் அந்தக் கையை எங்கே வைப்பது என்று தேடுகிறவன் நான்தானே. நீ இங்கேயே இருந்துவிட்டால் என் காலம் முழுக்க இந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய். பார்க்க வேண்டியதையெல்லாம் அங்கே போய்க் கண் வலிக்கிற மட்டும் பார்த்துவிட்டு வா. லீவில் வந்து வாசலில் நிற்கும்போது முதலில் என் முகத்தைப் பார்.

அப்பா